எல்.எஸ்.டி. வண்டிக்கு எந்த கிரவுன் ஆயில்?

பின் ஆக்சிலுக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்றால் நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் இரண்டு பெயர்தான் காதில் விழும்: 90 ஆயில், 140 ஆயில். லாரி, ஜீப், டிராக்டர் எல்லாம் இந்த இரண்டிலேயே காலம் தள்ளியிருக்கின்றன. கிரவுன் வீலும் பினியனும் நான்கைந்து சிறு பற்சக்கரங்களும் மட்டும் உள்ள சாதாரண டிஃபரன்ஷியலுக்கு அது சரிதான். உள்ளே இருப்பது லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்.எஸ்.டி. என்றால் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே ஆயில் பற்களைத் தேயாமல் காப்பதோடு, தகடுகள் எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. எல்.எஸ்.டி.க்குள் ஊற்றும் ஆயிலை ஒரு உதிரிபாகமாகவே நினைக்க வேண்டும். வண்டிக்குப் பொருந்தாத பேரிங்கை யாரும் வாங்கமாட்டார்கள். ஆயிலிலும் அதே கவனம் வேண்டும்.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடியில்லாமல் சுழன்றால் அதைச் சுற்ற மிகக் குறைந்த விசை போதும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். வண்டி நகராது. எல்.எஸ்.டி. இரு சக்கரங்களுக்கும் இடையே ஓர் இழுபிடியை ஏற்படுத்தி, பிடியுள்ள பக்கத்துக்குக் கூடுதல் விசையை அனுப்புகிறது. 1956-இல் அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர்-பேக்கார்ட் நிறுவனம் 'ட்வின் டிராக்‌ஷன்' என்ற பெயரில் இதைப் பயணியர் காரில் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஷெவ்ரலேவின் 'பாசிட்ராக்‌ஷன்' அந்த நாட்டில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்லாகவே ஆகிவிட்டது.

அந்த இழுபிடியை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. ஆயில் தேர்வு முழுக்க அந்த வகையைப் பொறுத்தது.

பிளேட் வகை

அதிகம் புழங்குவதும் ஆயில் விஷயத்தில் அதிகம் படுத்துவதும் இதுதான். டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இரண்டு வகை வட்டத் தகடுகள் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வகை கூட்டோடு சேர்ந்து சுற்றும், மற்றது சைடு கியரோடு சேர்ந்து சுற்றும். பல மாடல்களில் ஒரு ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடித்திருக்கும். நேர்ச்சாலையில் எல்லாத் தகடும் ஒன்றாகச் சுற்றும். வளைவில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும்.

சாதாரண கியர் ஆயிலில், தகடுகள் ஒட்டி நிற்கும்போது உள்ள உராய்வு, அவை வழுக்கும்போது உள்ள உராய்வைவிட அதிகம். ஆகவே தகடு பிடிக்கும். விசை ஏறியதும் சட்டென்று விடுபடும். வேகம் தணிந்ததும் திரும்பப் பிடிக்கும். இது ஒரு நொடியில் பல தடவை நடக்கும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்பக்கத்தில் 'கடகட'வென்று வரும் அதிர்வு இதுதான். பற்கள் உடைந்துவிட்டதோ என்று பயந்து ஹவுசிங்கைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு முன் உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இதைத் தடுக்கும் மருந்துதான் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர். இது நீளமான மூலக்கூறுகளைக் கொண்டது. ஒரு முனை உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், மறு முனை ஆயிலுக்குள் நீண்டு நிற்கும். இப்படி ஒரு மெல்லிய படலம் படிந்ததும் ஆரம்பப் பிடி தளர்கிறது. வேகம் கூடும்போது உராய்வும் சீராகக் கூடுகிறது. வெட்டி இழுப்பது நின்று, தகடுகள் மென்மையாக வழுக்கும். ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயையே அமெரிக்க வாகனத் தொழில் இதுபோன்ற வேலைக்குப் பயன்படுத்தியது. 1970-இல் அந்தத் திமிங்கிலத்தை அந்நாட்டு அரசு அழியும் உயிரினமாக அறிவித்த பிறகு, வேதித் தொழிற்சாலையில் செய்த மாற்றுப் பொருள்கள் அந்த இடத்துக்கு வந்தன. இன்று சிறு டப்பாவில் விற்பது அவற்றின் வழிவந்தது.

மருந்து என்றதும் கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலன் என்று எண்ணிவிட வேண்டாம். அளவு மிஞ்சினால் தகடுகள் பிடிப்பதையே விட்டுவிடும். சத்தம் அடியோடு நின்றுபோகும், வண்டிக்காரர் மகிழ்ந்துபோவார், ஆனால் சேற்றில் இறங்கிய அன்று அவரிடம் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்தான். பிளேட் வகையில் வளைவின்போது லேசான முனகல் கேட்பது கோளாறு ஆகாது. பந்தயத்துக்காகக் கடினமாக அமைத்த எல்.எஸ்.டி.யில் அது இயல்பு.

மற்ற வகைகள்

கோன் வகையில் தகடுகளுக்குப் பதில் கூம்பு வடிவப் பாகங்கள் உராயும். ஆயில் விதி பிளேட் வகைக்குச் சொன்னதேதான், மாடிஃபையர் தேவை.

பற்சக்கர வகை வேறு கதை. 1958-இல் வெர்னன் கிளீஸ்மன் காப்புரிமை பெற்ற வடிவமைப்பிலிருந்து வளர்ந்த டோர்சன், பிரிட்டனின் குவைஃப், ஈட்டன் நிறுவனத்தின் ட்ரூடிராக் ஆகியவை இந்தக் குடும்பம். சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளி, கூட்டின் சுவரில் உராய்வதால் இழுபிடி பிறக்கிறது. மாடிஃபையர் போட்டால் அந்த உராய்வையே குறைக்கிறோம். எனவே ஜி.எல்-5 (இந்தக் குறியீட்டைப் பின்னால் பார்ப்போம்) கியர் ஆயில் மட்டும் போதும். ட்ரூடிராக்குக்கு ஈட்டனே மாடிஃபையர் இல்லாத மினரல் ஆயிலைத்தான் பரிந்துரைக்கிறது. அதே நிறுவனத்தின் 'பாசி' பிளேட் வகைக்கு மினரல் ஆயிலோடு மாடிஃபையரும் கேட்கிறது. ஒரே நிறுவனம், ஒரே ஆக்சிலில் மாட்டக்கூடிய இரண்டு பொருள்கள், இரண்டு விதி. ஆக்சிலின் பெயரைச் சொல்லி ஆயில் கேட்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

விஸ்கஸ் வகையில் தகடுகள் சிலிக்கோன் திரவத்துக்குள் மூழ்கி, மூடி முத்திரையிட்ட டப்பாவில் இருக்கும். வெளியே நாம் ஊற்றும் கியர் ஆயில் அதற்குள் போகாது. மாடிஃபையர் வீண் செலவு. மஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்தது விஸ்கஸ். 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது அது டோர்சன் ஆகிவிட்டது. பெயரும் உருவமும் ஒன்றாகவே இருக்கும் காரில்கூட ஆண்டைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

மகிந்திரா தார் வாங்கியவர்கள் பலர் தங்கள் வண்டியில் எல்.எஸ்.டி. இருப்பதாகச் சொல்கிறார்கள். சில வேரியண்ட்களில் வருவது எம்.எல்.டி. எனப்படும் ஈட்டனின் தானியங்கிப் பூட்டு. இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றை எட்டினால் உள்ளேயிருக்கும் கொண்டி சிக்கி, இரு பக்கத்தையும் முழுதாகப் பூட்டிவிடும். கையேட்டில் உள்ள ஆயிலை அப்படியே ஊற்றினால் போதும். மாடிஃபையரைச் சொந்த முடிவில் கலக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் விளம்பரத்தில் ஈ.டி.எஸ்., எக்ஸ்.டி.எஸ். என்று பார்த்திருப்பீர்கள். சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து விசையை மறுபக்கம் தள்ளும் மின்னணு ஏற்பாடு அது. உள்ளே இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். அதற்கென்று தனி ஆயில் கிடையாது.

முன்சக்கர இயக்கக் காரில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில், ஒரே ஆயிலில் ஓடும். அங்கே எல்.எஸ்.டி. இருந்தாலும் கியர் மாற்ற உதவும் சிங்க்ரோ வளையங்களுக்குப் பாதிப்பு வராதபடி ஆயில் இருக்க வேண்டும். அந்த வளையங்கள் வேலை செய்வதே உராய்வால்தான். மாடிஃபையர் மிகுந்தால் கியர் விழும்போது கரகரக்கும். ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் காரில் பற்சக்கர வகை எல்.எஸ்.டி. இருக்கிறது, அது ஹோண்டாவின் சாதாரண கியர்பாக்ஸ் ஆயிலிலேயே ஓடுகிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

கையேடு, ஃபில்லர் போல்ட் அருகே ஒட்டிய ஸ்டிக்கர், ஆக்சிலில் தொங்கும் தகடு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஜப்பானிலிருந்து இலங்கைக்குப் பயன்படுத்திய நிலையில் வந்த ஜீப்களிலும் பிக்கப்களிலும் 'எல்.எஸ்.டி. ஆயில் மட்டும்' என்ற எச்சரிக்கை ஹவுசிங்கிலேயே இருக்கலாம். மண்ணைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள். ஃபோர்டு ஆக்சில் தகட்டில் பல்விகித எண்ணுக்கு நடுவே 'எல்' எழுத்து இருந்தால், உதாரணத்துக்கு 3எல்73 என்று இருந்தால், அது எல்.எஸ்.டி. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஜி80 என்ற குறியீட்டைத் தேட வேண்டும்.

எதுவும் கிடைக்காவிட்டால் ஜாக்கி சோதனை. முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின்பக்கம் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்படி தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விடுபட்டு, எஞ்சின் நின்றிருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரமும் அதே திசையில் சுற்றினால் ஸ்பிரிங் அழுத்தமுள்ள எல்.எஸ்.டி. என்று கொள்ளலாம். எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தேய்ந்துபோன பிளேட் வகையும், டோர்சன் சிலவும், எம்.எல்.டி.யும் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எல்.எஸ்.டி. உள்ள வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்து எஞ்சினை ஓட்டி கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து, வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். உயிர்போகும் விபத்து இது. உதவிக்கு வரும் பையன்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

டப்பாவைப் படிப்பது

ஜி.எல்-5 என்பது ஏ.பி.ஐ. தரக்குறியீடு. கிரவுனும் பினியனும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுந்தும் ஹைபாயிட் பற்களைக் காக்க, கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த வேதிப்பொருள் போதுமான அளவு கலந்திருக்கிறது என்பது அதன் பொருள். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை கந்தகத்தால் வருவது. ஜி.எல்-5 என்ற குறி எல்.எஸ்.டி.யைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதற்குத் தனியாக 'எல்.எஸ்.' என்றோ 'லிமிட்டெட் ஸ்லிப்' என்றோ எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிய ஆயிலில் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்திருக்கும். மோட்டுல் 90 பி.ஏ., காஸ்ட்ரால் சின்ட்ராக்ஸ் லிமிட்டெட் ஸ்லிப் 75டபிள்யூ-140 இரண்டும் அந்த வகை. ரெட் லைன் நிறுவனம் ஒரே 75டபிள்யூ-90 ஆயிலை இரண்டு விதமாக விற்கிறது, பின்னால் 'என்.எஸ்.' என்று இருந்தால் மாடிஃபையர் இல்லாதது. கடையில் அவசரத்தில் எடுத்துக் கொடுக்கும்போது இந்த இரண்டெழுத்தைத் தவற விடுவது மிக எளிது.

எண்களைப் பொறுத்தவரை, டபிள்யூவுக்கு முன்னால் உள்ளது குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் குறிக்கும். 75டபிள்யூவை மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூவை மைனஸ் 26-லும், 85டபிள்யூவை மைனஸ் 12-லும் சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி விழும் விடியற்காலைக்குக்கூட 85டபிள்யூ தாராளம். தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர் 75டபிள்யூ என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. டொரன்டோவில் வீட்டு வாசலில் வண்டி நிறுத்துபவருக்கு நான் 75டபிள்யூவையே சொல்வேன். டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை: 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை, 140 என்றால் 24 முதல் 32.5 வரை. டிரெய்லர் இழுப்பது, மலைப்பாதையில் பாரத்தோடு ஏறுவது போன்ற வேலைக்குக் கையேடு இடம் கொடுத்தால் 140 நல்லது. தினசரி ஓட்டத்துக்கு அது வெறும் இழுவைச் சுமை.

சின்தெடிக்கா மினரலா என்ற கேள்வியில் என் கருத்து இது: சூடு தாங்குவதில் சின்தெடிக் மேல்தான், ஆனால் எல்.எஸ்.டி. தயாரித்தவர் மினரல் என்று எழுதியிருந்தால் அதுவே முடிவு. தகட்டின் உராய்வுப் பொருளை அந்த ஆயிலில்தான் அவர்கள் சோதித்திருப்பார்கள்.

எவ்வளவு மாடிஃபையர்?

எல்.எஸ். என்று எழுதிய ஆயிலை வாங்கினால் தனி மாடிஃபையர் இல்லாமலே தொடங்குங்கள். ஓட்டிப் பார்த்து, அதிர்வு வந்தால் மட்டும் அடுத்த அடி. வெறும் ஜி.எல்-5 ஊற்றினால் தயாரிப்பாளர் சொன்ன அளவைச் சேர்க்க வேண்டும். ஃபோர்டு மஸ்டாங்கில் வரும் 8.8 அங்குல ஆக்சிலின் டிராக்‌ஷன்-லாக் வகைக்கு வழக்கமான அளவு 4 அவுன்ஸ், அதாவது 118 மில்லி. ஜெனரல் மோட்டார்ஸின் சிறு பாட்டிலும் அதே அளவுதான்.

தேய்மானம் கண்ட பழைய வண்டியில் முழு அளவையும் ஒரே தடவையில் ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. பாதியை ஊற்றி ஓட்டிப் பார்த்து, பிறகு 30 மில்லி வீதம் கூட்டலாம். அதிர்வு அடங்கிய இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பாட்டிலில் போட்ட உச்ச அளவைத் தாண்டினால் பற்களைக் காக்கும் வேதிப்பொருளோடும் அது போட்டிபோட ஆரம்பிக்கும். இரண்டுமே உலோகத்தின் மேற்பரப்பில் இடம் பிடிக்க முயல்பவை. எஞ்சினுக்கென்று விற்கும் மாலிப்டினம், டெஃப்லான் 'ட்ரீட்மென்ட்' டப்பாக்களை இதற்குள் காட்டவே வேண்டாம்.

மாற்றும் வேலை

வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிய பிறகு சமதளத்தில் நிறுத்துங்கள். டிரெயின் போல்ட்டைத் தொடும் முன் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். துருப்பிடித்து இறுகிய ஃபில்லர் போல்ட் கழலாமல் முரண்டு பிடிக்க, அதற்குள் ஆயிலும் வடிந்துவிட்டால் வண்டி அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. ஃபோர்டு 8.8 போன்ற சில ஆக்சில்களில் டிரெயின் போல்ட் இருக்காது. பின்மூடியைக் கழற்ற வேண்டும் அல்லது பம்பால் உறிஞ்ச வேண்டும். மூடியைக் கழற்றுவதையே நான் விரும்புவேன். அடியில் படிந்த தகட்டுத் துகள் அப்போதுதான் முழுதாக வெளியேறும்.

காந்தப் போல்ட்டில் சாம்பல் நிற மாவு போல ஒட்டியிருந்தால் கவலையில்லை. விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சென்னை வெள்ளத்தில் 2015-லும் 2023 டிசம்பரிலும் நின்ற வண்டிகளில் எஞ்சினைப் பார்த்தவர்கள் பலர் ஆக்சிலை மறந்தார்கள். ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்று போய்வரும் துளையான பிரீதர் அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். தகட்டின் உராய்வுப் பொருளைத் தண்ணீர் கெடுத்துவிடும். சக்கர அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் போய்வந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பிரீதரையும் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

மாடிஃபையரை முதலில் ஊற்றி, அதன்மேல் ஆயிலைக் கையேடு சொல்லும் மட்டம் வரை நிரப்புங்கள். பெரும்பாலான ஆக்சிலில் அது ஃபில்லர் துளையின் விளிம்பு. கடைசியில் மாடிஃபையர் ஊற்ற நினைத்தால் துளையிலிருந்து வழிந்து, எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. பிறகு சேர்க்க வேண்டி வந்தால் அதே அளவு ஆயிலைச் சிரிஞ்சால் எடுத்துவிட்டுச் சேர்க்கவும்.

புது ஆயில் தகடுகளுக்கு இடையே தானாக இறங்கிவிடாது. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து, நடை வேகத்தில் 8 வடிவத்தில் பத்துத் தடவை ஓட்டுங்கள். முதல் சில சுற்றில் அதிர்வு இருந்தால் பதற வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கேட்பதுதான் உண்மையான நிலை. அதற்குப் பிறகுதான் 30 மில்லிக் கணக்கைத் தொடங்க வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் வாங்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆயில் மாற்றியும், அளவோடு மாடிஃபையர் சேர்த்தும் அதிர்வு நிற்கவில்லை என்றாலோ, அதிர்வே இல்லாமல் ஒரு சக்கரம் மட்டும் சுழல்கிறது என்றாலோ தகடுகளின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி, மற்றது தரையில் இருக்க, நியூட்ரலில், எஞ்சின் நின்ற நிலையில், டார்க் ரெஞ்ச் போட்டுத் திருப்பிப் பாருங்கள். டிராக்‌ஷன்-லாக்குக்கு ஃபோர்டு சொல்லும் குறைந்தபட்சம் 27 நியூட்டன் மீட்டர். அதற்குக் கீழே விடுபட்டால் எந்த டப்பாவும் உதவாது, தகடு செட் மாற்ற வேண்டியதுதான். புதுத் தகடுகளை மாட்டும் முன் மாடிஃபையரிலோ எல்.எஸ். ஆயிலிலோ அரை மணி நேரமாவது ஊறவையுங்கள்; பட்டறையில் உலர்ந்த தகட்டை அப்படியே அடுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆயிலை வடித்துவிட்டு, மறுபடி புதிதாக நிரப்ப வேண்டும்.